காபிக் கடை போர்டில் ஒரு ஹாக்கி வீரர்! - டிம் ஹோர்ட்டனின் தடம் தேடி கனடாவில் ஒரு சுற்று

கனடாவில் சொந்தக்காரர்கள் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் கேட்டுப் பாருங்கள். 'டிம் ஹோர்ட்டன்ஸ்' என்ற பெயர் தெரியாமல் இருக்காது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு காபி, பிள்ளைகளுக்கு ஒரு டோனட், பனி கொட்டும் நாளில் நண்பர்களோடு அரட்டை என எல்லாமே அந்தச் சிவப்புப் பலகைக்குக் கீழேதான். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்கள் திரளாக வாழும் ஸ்கார்பரோ பகுதியில், இந்தக் கடை வரிசையில் நின்றால் நம் மொழி காதில் விழும். அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதும். எப்படி எழுதினாலும், அந்த ஊரின் மணம் காபி மணம்தான்!

அங்கே 'டபுள் டபுள்' என்று கேட்டால் போதும். இரண்டு பங்கு க்ரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்ட காபி கைக்கு வரும். இந்தச் சொல் 2004-ல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 2022-ல் இந்தக் கடை டெல்லிப் பக்கமும் கிளை திறந்தது.

சரி, யார் இந்த டிம் ஹோர்ட்டன்?

காபிக்கொட்டை வியாபாரியோ, சமையல் நிபுணரோ இல்லை. பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு எதிரணியைத் தடுத்து நிறுத்துவதையே தொழிலாகக் கொண்டவர். 1,446 ஆட்டங்கள் ஆடிய ஐஸ் ஹாக்கி வீரர். அவர் வாழ்ந்த, ஆடிய, கடை போட்ட, உயிர்விட்ட ஊர்களை வரிசையாகப் பார்த்தால், ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை முழுவதும் நம் கண் முன்னால் வரும். கனடா போகும் வாய்ப்பு இருப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் போனிலேயே கூட வாருங்கள்.

கார்னரில் நிற்பவர்

கிளம்பும் முன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பரில் செய்த, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'பக்'. ஏறக்குறைய 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள பனித்தரையில், ஒவ்வோர் அணிக்கும் ஒரு கோல்கீப்பரும் ஐந்து பேரும். ஐவரில் மூவர் முன்னால் போய் கோல் போடப் பார்ப்பார்கள். மற்ற இருவர் 'டிஃபென்ஸ்மேன்', அதாவது தடுப்பாட்டக்காரர்கள். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள் ஆட்டம் நடக்கும்.

புரோ கபடி பார்ப்பவர்களுக்கு இந்தத் தடுப்பாட்டக்காரரைச் சட்டெனப் புரியும். ரெய்டு போகிறவரைத்தான் கேமரா துரத்தும். ஆனால், கார்னரில் பதுங்கி நின்று கணுக்காலைப் பிடிப்பவர் இல்லாவிட்டால் அணி கரையேறாது. ஐஸ் ஹாக்கியிலும் அப்படியே. பாய்ந்து வருபவரைச் சுவரோரம் ஒதுக்குவது, கோலை நோக்கி வரும் பக்கைத் தன் உடம்பால் மறிப்பது, பிடுங்கிய பக்கை முன்னால் இருப்பவருக்குச் சரியாகத் தள்ளிவிடுவது - இதுதான் அவர் வேலை. எதிரணி போடாமல் போன கோலை எந்த ஸ்கோர்போர்டும் காட்டாது.

ஹோர்ட்டனின் கணக்கைப் பாருங்கள். 1,446 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் 115. சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டத்துக்கு ஒன்று! இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், இவர் எதற்குப் பெரிய வீரர் என்றுதான் கேட்பார். பதில் அவர் தடுத்த பக்கம் இருக்கிறது.

காக்ரேன்: ரயில் ஊர்

டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 700 கி.மீ. தூரத்தில் இருக்கிறது காக்ரேன். காரில் ஏறினால் ஒரு முழுப் பகல் போய்விடும். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது இங்கே சர்வ சாதாரணம். ஊருக்குள் பனிக்கரடி சிலை வரவேற்கும். நிஜப் பனிக்கரடிகளைப் பார்க்கத் தனிச் சரணாலயமும் உண்டு. இங்கிருந்து கிளம்பும் 'போலார் பேர் எக்ஸ்பிரஸ்' ரயில், சுமார் 300 கி.மீ. வடக்கே, சாலை வசதியே இல்லாத மூசனி என்ற ஊருக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகிறது.

இந்த ஊரில்தான் 1930 ஜனவரி 12-ல் ஹோர்ட்டன் பிறந்தார். பதிவேட்டில் பெயர் மைல்ஸ் கில்பர்ட் ஹோர்ட்டன். ஊரும் உலகமும் கூப்பிட்டது 'டிம்'. அப்பா ரயில்வேயில் மெக்கானிக். வேலை தேடிக் குடும்பம் கொஞ்ச காலம் கியூபெக் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு நிக்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன சட்பரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காப்பர் கிளிஃப் என்ற சுரங்கக் குடியிருப்பின் அணியில் பையன் ஆடினான். அதே அணியில் அதே பகுதியைச் சேர்ந்த இன்னொரு பையனும் இருந்தான். பெயர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

ஆண்டில் பாதி பனி மூடிக் கிடக்கும் இந்த வடக்குப் பகுதியில், நம் ஊர்த் தெருமுனை கிரிக்கெட் மாதிரிதான் ஐஸ் ஹாக்கி. சுரங்கத்துக்குள் இறங்காமல் வெளியுலகம் போக ஒரு பையனுக்கு இருந்த வழிகளில் அதுவும் ஒன்று. 1947-ல் டொராண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரி அணி ஹோர்ட்டனை அழைத்துக்கொண்டது. இன்று காக்ரேனில் உள்ள விளையாட்டரங்கின் பெயர் 'டிம் ஹோர்ட்டன் ஈவென்ட் சென்டர்'.

காய்கறிக் கடைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

இனி டொராண்டோ. காலேஜ் சப்வே ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், கார்ல்டன் தெருவில் மஞ்சள் செங்கல்லில் ஒரு பிரமாண்டக் கட்டடம். 1931-ல் திறந்த 'மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்' அரங்கம் இது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 1999 வரை ஆடிய சொந்த வீடு. இப்போது தரைத்தளத்தில் இருப்பது ஒரு சூப்பர் மார்க்கெட்!

உள்ளே போனால், அரங்கத்தின் பழைய நீல இருக்கைகளைக் கொண்டு செய்த பெரிய மேப்பிள் இலை சுவரில் தெரியும். 25-ம் எண் வரிசைக்குப் போய்க் குனிந்து தரையைப் பாருங்கள். ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். பனித்தரையின் நட்ட நடு மையம் அதுதான். ஹோர்ட்டன் ஆயிரம் முறைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சறுக்கிய இடத்தில், இன்று தள்ளுவண்டியோடு மாதச் சாமான் வாங்குகிறார்கள். மாடியில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கூடம். அங்கே இப்போதும் பனித்தரை உண்டு. பழைய கூரை அப்படியே தலைக்கு மேல்.

ஹோர்ட்டன் என்.ஹெச்.எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் முதல் ஆட்டம் ஆடியது 1950 மார்ச்சில். அணியில் நிரந்தர இடம் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1955 மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பில் கேட்ஸ்பி மீது மோதியதில் கால் முறிந்தது, தாடையும் உடைந்தது. அப்போது வயது 25. அடுத்த சீசனிலும் பாதி ஆட்டங்களுக்கு உட்காரவேண்டியதாயிற்று. பெரும்பாலான வீரர்கள் ஹெல்மெட் இல்லாமல் ஆடிய காலம் அது. அதோடு முடிந்துபோன வீரர்கள் எத்தனையோ பேர்.

ஹோர்ட்டன் திரும்பி வந்தார். சும்மா வரவில்லை. 1961 பிப்ரவரி முதல் 1968 பிப்ரவரி வரை, லீக் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 486 ஆட்டங்கள்! தடுப்பாட்டக்காரர்களில் இந்தச் சாதனையை முறியடிக்க 2007 வரை ஆள் வரவில்லை.

உடல் பலத்தில் லீக்கிலேயே அவருக்கு இணையாகச் சிலர்தான் இருந்தார்கள். ஆனால், கண்பார்வை மங்கல். அரங்கத்துக்கு வெளியே தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். ஐஸ் ஹாக்கியில் கைகலப்பு சகஜம். ஹோர்ட்டனோ குத்துவிடுவதைவிட, சண்டைக்கு வருபவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, அசையமுடியாமல் இறுக்குவதற்குப் பேர்போனவர். 'ஹோர்ட்டன் ஹக்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

1967 மே 2. இதே கட்டடத்தில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு எதிராக ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். லீஃப்ஸ் 2-1 என முன்னிலை, கடைசி நிமிடம். பயிற்சியாளர் பன்ச் இம்லாக் இறக்கியது இளைஞர்களை அல்ல, பழைய ஆட்களை. 37 வயது ஹோர்ட்டன், அவருடைய தடுப்பு ஜோடியான 41 வயது ஆலன் ஸ்டான்லி, கூடவே அந்தக் காப்பர் கிளிஃப் பையன் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங். பக்கைப் பிடுங்கி முன்னால் தள்ள, காலியாக இருந்த கோலுக்குள் ஆம்ஸ்ட்ராங் அடிக்க, 3-1. டொராண்டோ அதற்குப் பிறகு கோப்பையை வென்றதே இல்லை!

லீஃப்ஸ் அணிக்காக அதிக லீக் ஆட்டங்கள் ஆடியவர்கள் பட்டியலிலும் இந்த இருவரே முன்னால் நிற்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் 1,188. ஹோர்ட்டன் 1,185. ஒரே சுரங்க ஊர் அணியில் தொடங்கிய இருவருக்கும் இடையே வித்தியாசம் வெறும் மூன்றே ஆட்டங்கள்.

கோப்பையிலிருந்து இறங்கிய பெயர்

அங்கிருந்து தெற்கே யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சந்திக்கும் முனைக்கு வாருங்கள். 1885-ல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்தில் 'ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்' அருங்காட்சியகம் இருக்கிறது. ஹோர்ட்டன் 1977-ல் இந்தப் பெருமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்.

ஸ்டான்லி கோப்பை மற்ற கோப்பைகள் மாதிரி இல்லை. வென்ற அணி வீரர்களின் பெயரை அதன் மீதே பொறிப்பார்கள். அடிப்பாகத்தைச் சுற்றிப் பட்டைகள் உண்டு. ஒரு பட்டையில் 13 அணிகளுக்கு இடம். எல்லாம் நிரம்பியதும் இருப்பதிலேயே பழைய பட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் கோப்பை வளர்ந்துகொண்டே போகுமே!

ஹோர்ட்டன் நான்கு முறை கோப்பை வென்றவர்: 1962, 1963, 1964, 1967. முதல் மூன்றின் பெயர்கள் இருந்த பட்டை 2018-ல் கழற்றப்பட்டது. இப்போது அது இந்தக் கட்டடத்தின் பழைய வங்கிப் பெட்டக அறையில் இருக்கிறது. 1967-ம் ஆண்டுப் பெயர் மட்டும் அடுத்த பட்டையில் இன்னும் கோப்பையோடு ஊர் சுற்றுகிறது. அதுவும் ஒருநாள் இறங்கும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் கோப்பையில் கிடைப்பது வாடகை வீடுதான்.

லீஃப்ஸின் இன்றைய அரங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வெளியே, வீரர்கள் அமரும் பெஞ்சைப் போலவே வெண்கலச் சிலைகள். அந்த 14 பேரில் ஹோர்ட்டனும் ஒருவர். அவருடைய 7-ம் எண் சட்டையை அணி 2016-ல் நிரந்தரமாக ஓய்வில் வைத்தது.

ஹாமில்டன்: கடை எண் 1

டொராண்டோவிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கும் இரும்பாலை ஊர் ஹாமில்டன். அங்கே துணிக்கடைகளுக்குப் பேர்போன ஒட்டாவா தெருவில், 1964-ல் ஹோர்ட்டன் தன் முதல் டோனட் கடையைத் திறந்தார். கோப்பை மேல் கோப்பையாக ஜெயித்துக்கொண்டிருந்த நேரம்! பிறகு ஏன் டோனட் விற்கவேண்டும்?

இங்கேதான் அன்றைய விளையாட்டு வீரரின் நிலைமை புரிகிறது. 1967 வரை என்.ஹெச்.எல்-லில் மொத்தமே ஆறு அணிகள். ஒரு வீரரின் உரிமை அணியின் கையில். பிடிக்கவில்லை என்று வேறு அணிக்குப் போகமுடியாது. சம்பளமும் இன்றைய கோடிகள் கிடையாது. கோடையில் ஆட்டம் இல்லாத மாதங்களில் வீரர்கள் வேறு வேலை பார்ப்பது வழக்கம். ஹோர்ட்டன் கார் விற்றார், ஹாம்பர்கர் கடை நடத்தினார். வீட்டில் மனைவி லோரி, நான்கு பெண் குழந்தைகள். ஒரே மோதலில் காலும் தாடையும் போன மனிதருக்கு, ஆட்டம் எந்த நாளிலும் முடிந்துவிடலாம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடை எண் 1-ஐ 1965-ல் எடுத்து நடத்த வந்தவர் ரான் ஜாய்ஸ். ஹாமில்டனில் போலீஸ்காரராக இருந்தவர். 1967-ல் இருவரும் சம பங்காளிகள் ஆனார்கள். இன்று அதே இடத்தில் புதுப்பித்துக் கட்டிய கடை நிற்கிறது. உள்ளே பழைய பொருள்களோடு ஒரு சிறு காட்சிக்கூடமும் உண்டு. காபி வாங்கிக்கொண்டு அப்படியே பார்க்கலாம்.

நயாகரா போகும் வழியில்

டொராண்டோ போகிற யாரும் நயாகராவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதற்கான நெடுஞ்சாலையின் பெயர் குயின் எலிசபெத் வே. சுருக்கமாக க்யூ.ஈ.டபிள்யூ. வழியில் செயின்ட் கேத்தரின்ஸ் என்ற ஊர் வரும். லேக் தெரு என்ற பலகையைப் பலர் கவனிக்காமலே கடந்துபோவார்கள்.

1970-ல் லீஃப்ஸ் அணி ஹோர்ட்டனை நியூயார்க்குக்கு அனுப்பியது. அடுத்து பிட்ஸ்பர்க். பிறகு 1972-ல், அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பஃபலோ. அங்கே பழைய பயிற்சியாளர் இம்லாக்தான் பொறுப்பில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடு என்று ஒப்பந்தத்தோடு அவர் தந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பெயர் பான்டெரா, இத்தாலியத் தயாரிப்பு.

1974 பிப்ரவரி 20. கார்ல்டன் தெருவின் அதே பழைய அரங்கில் பஃபலோவுக்கும் லீஃப்ஸுக்கும் ஆட்டம். ஹோர்ட்டனுக்கு வயது 44. தாடையில் அடிபட்டு வலி. கடைசிப் பகுதியில் அவர் ஆடவில்லை. அணியும் தோற்றது. அப்படியும் அன்றைய ஆட்டத்தின் சிறந்த மூவரில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிறகு அவர் அணியோடு பஸ்ஸில் ஏறவில்லை. வழியில் தன் கடை அலுவலகத்துக்குப் போனார். விடியும் முன் பஃபலோ நோக்கித் தன் காரில் தனியாகக் கிளம்பினார்.

அதிவேகமாக வந்த காரை ஒரு போலீஸ் அதிகாரி பின்தொடர்ந்தார். லேக் தெரு அருகே கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார்.

நீண்ட காலம் இதற்கு மேல் யாரும் பேசவில்லை. பிரேதப் பரிசோதனை விவரம் 2005-ல்தான் ஒரு பத்திரிகை முயற்சியால் வெளியே வந்தது. சட்டம் அனுமதிப்பதைப்போல் இரண்டு மடங்கு மது ரத்தத்தில் இருந்தது. ஊக்க மாத்திரை, மயக்க மாத்திரையின் தடயங்களும் இருந்தன. இதை எழுதுவது ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்த அல்ல. களத்தில் ஆயிரக்கணக்கான மோதல்களைத் தாங்கிய உடம்பு, ஒரு சாலைத் திருப்பத்தில் தோற்றதற்குக் காரணம் விதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், வலி, மது, வேகம், போடாத பெல்ட் - இவை எதுவும் விதி இல்லை. 1976 ஜனவரியில் ஒன்டாரியோ மாகாணம் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. அவர் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

பெயர் யாருடையது?

ஹோர்ட்டன் இறந்தபோது இருந்தவை சுமார் 40 கடைகள். 1975-ல் லோரி தன் பங்கை சுமார் 10 லட்சம் டாலருக்கு ஜாய்ஸிடம் விற்றார். பிறகு கடைகள் நூறாயின, ஆயிரமாயின. அந்த விற்பனை செல்லாது என்று லோரி வழக்குப் போட்டார். 1993-ல் தோற்றார். 2000-ல் காலமானார். நிறுவனம் பலர் கைமாறி, இன்று பர்கர் கிங்கும் அதுவும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன.

தொடக்கத்தில் ஆங்கிலப் பலகையில், 'ஹோர்ட்டனுடைய' என்று பொருள் தரும் சின்ன மேற்குறி ஒன்று இருந்தது. கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழிச் சட்டத்துக்கு ஒத்துவராது என்று பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். காரணம் மொழிச் சட்டம்தான். ஆனாலும் 'உடைய' போய், பெயர் மட்டும் மிச்சமானது என்பது பொருத்தமாகவே இருக்கிறது.

ஒரு கோரிக்கை. டொராண்டோவில் உங்களுக்கு அரைநாள் கிடைத்தால், சி.என் டவரோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த சூப்பர் மார்க்கெட்டின் 25-ம் வரிசைக்கும் போய் வாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. இன்னும் நேரம் இருந்தால், வடக்கே நார்த் யார்க்கில், சப்வேயிலிருந்து நடந்து போகும் தூரத்தில் யார்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டிம் ஹோர்ட்டன் உறங்குவது அங்கேதான். கூடப் பிள்ளைகள் இருந்தால், கையில் இருக்கும் காபிக் கோப்பையைக் காட்டி ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்தப் பெயர்க்காரர் பெரிதாக கோல் போட்டவர் இல்லை, 24 சீசன்கள் அடுத்தவர் கோல் போடாமல் பார்த்துக்கொண்டவர் என்று. திரும்பும்போது காரில் ஏறியதும், பின் சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.